அம்மாவுக்கும் சேர்த்து ஒரு வீட்டுப்பாடம்!

"அம்மா, இதைச் சொல்லிக் கொடும்மா!"

"எனக்கு என்னடா தெரியும்? அப்பா வரட்டும். கேட்டுக்கோ."

"அப்பா வர்றதுக்குள்ளே நான் தூங்கிடுவேனே!"

விளக்கு வைத்த நேரத்தில், காரியாபட்டி வட்டாரத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். காரியாபட்டியில் மட்டுமா? அருப்புக்கோட்டையில் தறி ஓடும் வீட்டிலும் கேட்கலாம். திருச்சுழிப் பக்கம் ஆடு மேய்த்துப் பிழைக்கும் குடும்பத்திலும் கேட்கலாம்.

பிள்ளையின் கையில் நோட்டு. நோட்டில், நாளைக் காலைக்குள் எழுதி முடிக்க வேண்டிய பாடம். தாய்க்கு அந்த எழுத்து தெரியாது. அல்லது, எப்போதோ ஐந்தாம் வகுப்பில் படித்தது மறந்து போயிருக்கும். தகப்பனார் மதுரைக்கு வேலைக்குப் போயிருக்கிறார். கடைசி பஸ்ஸில்தான் வருவார்.

பிள்ளை அழுகிறது. தாய்க்குக் கோபம் வருகிறது. கோபம் பிள்ளை மேல் அல்ல, தன் மேல்தான். ஆனால், அடி விழுவது என்னவோ பிள்ளையின் முதுகில்!

வானம் பார்த்த பூமி

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது, காரியாபட்டி. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகாவுக்கு அதுதான் தலைமை ஊர்.

சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, சோளம், குதிரைவாலி விளையும். பெய்யாவிட்டால், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி போடுவார்கள். இல்லையென்றால், பஸ் ஏறி வெளியூர் வேலைக்குப் போவார்கள்.

2018-ம் ஆண்டில், இந்தியாவில் இன்னும் முன்னேற வேண்டிய மாவட்டங்கள் என்று மத்திய அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டே மாவட்டங்கள். ஒன்று ராமநாதபுரம். இன்னொன்று விருதுநகர்.

இப்படிப்பட்ட சீமையில், "வீட்டில் பெற்றோர் உதவியுடன் எழுதி வரவும்" என்று ஆசிரியர் எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? படித்த தாய் உள்ள பிள்ளை எழுதிக்கொண்டு போகும். படிக்காத தாய் உள்ள பிள்ளை தலை குனிந்து நிற்கும். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இருக்கும் இரண்டு பிள்ளைகளை அந்த ஒரு வரி இரண்டாகப் பிரித்துவிடும்.

ஐகோர்ட்டு சொன்னது

இந்த வீட்டுப்பாட விவகாரம் ஒரு முறை கோர்ட்டு வரைக்கும் போனது.

2018-ம் ஆண்டு மே மாதம் 29-ந்தேதி, சென்னை ஐகோர்ட்டு நீதிபதி என்.கிருபாகரன் ஒரு தீர்ப்புக் கூறினார். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. பிள்ளைகள் முதுகில் மூட்டைபோலப் புத்தகம் ஏற்றுவதையும் நீதிபதி கண்டித்தார்.

அதே ஆண்டு நவம்பரில், மத்திய அரசாங்கம் எல்லா மாநிலங்களுக்கும் தாக்கீது அனுப்பியது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது.

பிறகு, 2020-ல் பள்ளிப் பைக் கொள்கை வந்தது. பெயரில்தான் பை. உள்ளே வீட்டுப்பாடத்துக்கும் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதற்கு மேல் கூடாது.

கவனியுங்கள். நாளைக்கு இரண்டு மணி அல்ல. வாரத்துக்கு இரண்டு மணி! ஏழு நாளுக்குப் பங்கு போட்டால், ஒரு நாளைக்குப் பதினேழு நிமிஷம்தான் வரும். உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம்கூட ஆகாது.

இன்னொன்றும் அதில் உண்டு. சின்னப் பிள்ளைகளை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, பேசச் சொல்லலாம். சாயங்காலம் என்ன விளையாடினாய்? ராத்திரி என்ன சாப்பிட்டாய்? அதில் என்னென்ன சேர்த்தார்கள்? யார் சமைத்தார்கள்? இப்படிக் கேட்கலாம்.

இதற்குப் படித்த தாய் வேண்டியதில்லை. சமைத்த தாய் இருந்தால் போதும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை என்றைக்கோ செய்துவிட்டார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் எழுத்து வேலை செய்யக் கூடாது என்று பிரான்சு நாட்டு அரசாங்கம் 1956-லேயே உத்தரவு போட்டது. அங்கும் எல்லா ஆசிரியர்களும் கேட்டுவிடவில்லை என்பது வேறு கதை!

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியர், வீட்டுப்பாடம் பற்றிய பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, 2006-ல் தன் முடிவை வெளியிட்டார். பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்குப் பலன் தெரிகிறது. தொடக்கப் பள்ளியில் அந்தப் பலன் மிகவும் குறைவு. இதுதான் அவர் கண்டது.

படி, உரி, உழக்கு

அப்படியானால், பிள்ளை வீட்டில் ஒன்றுமே செய்ய வேண்டாமா? செய்யலாம். வாரத்துக்கு ஒரு வேலை போதும். வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பினால், திங்கட்கிழமை வந்து வகுப்பில் சொல்லட்டும். வேலை மட்டும் அந்த வீட்டுக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும்.

காரியாபட்டிச் சீமையில் அதற்கு என்ன பஞ்சம்?

அப்பத்தாவின் வீட்டு மூலையில் பழைய படி கிடக்கும். உழக்கு கிடக்கும். தூசி தட்டி எடுக்கலாம். உழக்கில் மணலை அள்ளிப் படியில் கொட்டினால், நாலு உழக்கில் படி நிறையும். ஆழாக்கால் கொட்டினால் எட்டு ஆகும். உரியால் கொட்டினால் இரண்டே தடவை!

அரை, கால், அரைக்கால் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், பிள்ளை விழிக்கும். மணலைக் கொட்டிப் பார்த்த பிள்ளை விழிக்காது. ஒன்றில் பாதி உரி. அதில் பாதி உழக்கு. அதிலும் பாதி ஆழாக்கு. பின்னக் கணக்கு அவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுப்பவர் அப்பத்தா. அவருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாமல் இருக்கலாம். அன்றைக்கு அவர்தான் வாத்தியார்!

ஆடு இருக்கிற வீட்டில் நாலாம் வாய்ப்பாடு தானாக வரும். ஏழு ஆட்டுக்கு எத்தனை கால்? ஐந்து குட்டி சேர்ந்தால் எத்தனை? பூக்கட்டுகிற வீட்டில், ஒரு முழத்துக்கு எத்தனை பூ என்று இரண்டிரண்டாக எண்ணலாம். தறி வீட்டில், பாவு எது, ஊடை எது என்று பிள்ளை கேட்டு வரட்டும்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. வெயில் காலத்தில் குடம் பிடிக்க நிற்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 15 லிட்டர் குடம் என்றால், பத்துக் குடம் எத்தனை லிட்டர்? அந்தத் தண்ணீர் எதற்கெல்லாம் போனது? குடிக்க எவ்வளவு, குளிக்க எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு? பிள்ளை ஒரு வாரம் எண்ணிப் பார்த்தால், அம்மா ஏன் ஒரு சொம்புத் தண்ணீருக்குச் சத்தம் போடுகிறார் என்பது விளங்கும்.

தாத்தாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நம்ம ஊர்க் கண்மாய் கடைசியாக எப்போது மறுகால் பாய்ந்தது?" தாத்தா வருஷம் சொல்ல மாட்டார். "உன் சித்தப்பன் கல்யாணத்துக்கு முந்தின ஐப்பசி" என்பார். அது எந்த வருஷம் என்று பிள்ளை தேடட்டும். கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்க்கட்டும். சரித்திரம் எழுதுகிறவர்களும் இப்படித்தானே தேடுகிறார்கள்?

காது போதும்

எழுதப் படிக்க வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது.

பிள்ளை வாசிக்கட்டும், அம்மா கேட்கட்டும்.

எழுத்துத் தெரியாத தாய் எப்படித் தப்புக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடிப்பார். கதை புரிகிறதா என்று காது கொடுத்தால் போதும். நரி கிணற்றில் விழுந்தது. பிறகு திடீரென்று நரி ஓடியது என்கிறது பிள்ளை. "கிணத்திலே விழுந்த நரி எப்படிடா ஓடும்?" என்று தாய் கேட்பார். நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிட்டோம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். திரும்பிப் போய் வாசிக்கும்.

பத்து நிமிஷம் போதும். காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. ரேஷன் கார்டு, தீப்பெட்டி, பஸ் போர்டு, கடைச் சீட்டு எல்லாமே வாசிக்கத்தக்கவைதான்.

இந்த அக்கறை ஏன் இப்போது அதிகம் தேவைப்படுகிறது? கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது, 2021 நவம்பர் 1-ந்தேதிதான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போனது. பாடம் டெலிவிஷனில் வந்தது. செல்போனிலும் வந்தது. செல்போனோ அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தது!

அந்தக் குறையைப் போக்கவே "இல்லம் தேடிக் கல்வி" 2021-ல் தொடங்கியது. சாயங்காலத்தில், தெருத் திண்ணையிலும் கோவில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்நாடு முழுவதும் 2 லட்சம் அளவுக்குத் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத் தொகை. பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள்.

2022-ல் "எண்ணும் எழுத்தும்" வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை. மறு ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து, அதற்கேற்பப் பாடம் நடத்தினார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடத்தை ஐந்து முறை எழுதச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்பா என்ன வேலை?

ஒன்றை மட்டும் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும்.

வீட்டு வேலையையும் பள்ளிக்கூடத்தையும் சேர்க்கும் பேச்சு, தமிழ்நாட்டில் ஒரு பழைய காயத்தைத் தொடும். 1953-ல், ராஜாஜி முதல்-அமைச்சராக இருந்தபோது ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். "குலக்கல்வி" என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதல்-அமைச்சரானதும் அதைக் கைவிட்டார். விருதுநகரில் பிறந்தவர் அவர் என்பதை இந்த மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடு எத்தனை என்று எண்ணுவது வேறு. ஆடு மேய்க்கப் பழகு என்று சொல்வது வேறு. "பள்ளிக்கூடத்திலேயே சொல்லிட்டாங்க" என்று சாக்குச் சொல்லி, பிள்ளையைக் கரி மூட்டத்துக்கோ தறிக்கோ அனுப்பினால், அது வீட்டுப்பாடம் அல்ல. குற்றம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்பது எல்லாப் பிள்ளைக்கும் சுகமான கேள்வி அல்ல. அப்பா இல்லாத பிள்ளை இருக்கும். அப்பாவின் வேலையைச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்களோ, சாதியைக் கண்டுகொள்வார்களோ என்று அஞ்சும் பிள்ளையும் இருக்கும். "வீட்டில் நேற்று யாருக்கு உதவினாய்?" என்று கேட்டால், எந்தப் பிள்ளையும் கூசாமல் பதில் சொல்லும்.

பெற்றோரில் ஒரு சாரார் இதற்கு நேர்மாறு. நோட்டு நிறைய எழுத்து இல்லை என்றால் அவர்களுக்குத் தூக்கம் வராது. "வீட்டுப்பாடம் கொடுக்காத பள்ளிக்கூடம் ஒரு பள்ளிக்கூடமா?" என்பார்கள். பீஸ் கட்டிச் சேர்த்தவர்களுக்கு இந்த ஆத்திரம் இன்னும் அதிகம். பிறகு, அந்த வீட்டுப்பாடத்தை எழுத வைக்க டியூஷன். டியூஷனுக்குத் தனியாகப் பணம். பிள்ளை விளையாடும் நேரம் எது என்று மட்டும் கேட்கக் கூடாது!

எங்கே போய்ச் சொல்வது?

சரி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் இரண்டு மணி நேரம் எழுத்து வேலை வருகிறது. தாய் யாரிடம் முறையிடுவது?

அரசுப் பள்ளிக்கூடம் என்றால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு என்று பெயர். 2009-ம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் வந்தது. குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்தில் பேசப் படிப்பு தேவையில்லை. "என் பிள்ளை ராத்திரி ஒன்பது மணி வரை எழுதுகிறான்" என்று சொன்னால் போதும். குழு அதைத் தலைமை ஆசிரியரோடு பேசலாம்.

கூட்டத்தைக் களையெடுப்பு நாளில், பகல் பதினோரு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? சாயங்காலம் வைக்கும்படி முதலில் கேட்க வேண்டும்.