யாத்திரைச் சைக்கிளும் எஃகுப் பிரேமும்

நெடுந்தூரச் சைக்கிள் யாத்திரையில் நமது வாலிபர்களுக்கு அண்மைக் காலத்தில் ஏற்பட்டிருக்கும் ஊக்கம் மிகவும் மகிழ்ச்சி தருவதாகும். விடுமுறை நாட்களில் பக்கத்து ஊருக்குச் சென்று திரும்புவதோடு திருப்தியடையாமல், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரம் வரையில் சைக்கிளிலேயே சென்று தேசத்தை நேரிற் காண வேண்டுமென்று ஆண்களும் பெண்களுமாகப் பலர் ஆசை கொண்டிருக்கின்றனர். அத்தகைய ஆசை கொண்ட அன்பர் ஒருவர், தாம் ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு எந்த எஃகுப் பிரேமை வாங்குவது என்று நம்மிடம் வினவினார். கடைக்காரர் ஒன்று சொல்லுகிறார். நண்பர்கள் வேறொன்று சொல்லுகிறார்கள். இக்கேள்வி அற்பமானது என்று சிலர் எண்ணக்கூடும். டயர் கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். செயின் அறுந்தால் கோத்துக்கொள்ளலாம். மலைச்சரிவில் மூட்டையோடு இறங்குகையில் பிரேம் நம்மைக் கைவிடுமானால், போவது பணம் மட்டுமன்று. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

1923-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து பார்ஸி வாலிபர் அறுவர் சைக்கிளில் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா என்னும் மூவர் ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் கடந்து 1928-ஆம் ஆண்டில் ஊர் திரும்பினர். அக்காலத்தில் சைக்கிள் என்றாலே பெரும்பாலும் எஃகுதான். ஆகவே எந்த உலோகம் என்ற கவலை அவர்களுக்கு அதிகம் இருந்திராது. இன்றோ அலுமினியம், டைட்டேனியம், கரியிழை என்று பல பொருள்கள் போட்டியிடுகின்றன. இருந்தும், மாதக்கணக்கில் மூட்டை சுமந்து செல்லுகிறவர்களிற் பலர் இன்னும் எஃகையே நாடுகின்றனர். இதற்குக் காரணம் பழைமையில் பற்று அன்று.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உலோகத்துக்கும் பொருந்தும். ஒரே அடியில் முறியாத குழாய், சிறு அதிர்ச்சிகள் லட்சக்கணக்கில் சேரும்போது வெடிப்பு விடுகிறது. ஆனால் எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு உட்பட்ட அதிர்ச்சி எத்தனை முறை வந்தாலும் அது களைப்படைவதில்லை. அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லை இல்லை. சிறு அதிர்ச்சியும் கணக்கிற் சேர்ந்துகொண்டே போகும். அலுமினியப் பிரேம்களைப் பருத்த குழாய்களால் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், நல்ல எஃகு பெருஞ்சுமையில் திடீரென்று ஒடிவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கிறது. எஃகைப் பற்ற வைக்கத் தெரிந்தவன் ஊருக்கு ஊர் இருக்கிறான் என்பதும் பெரிய சௌகரியம்.

எஃகு என்று தீர்மானித்த பின்னரே உண்மையான குழப்பம் ஆரம்பமாகிறது. பிரேமின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து விலையை ஏற்றியும் இறக்கியும் பேசுகிறார்கள். அச்சீட்டின் பொருள் என்ன? பிர்மிங்ஹாம் நகரத்து ரெயினால்ட்ஸ் கம்பெனியார், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் உள்ள குழாய்க்கு 1897-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். பற்றவைக்கும் சூடும் பாரத்தின் இழுப்பும் முனைகளையே அதிகம் தாக்குவதால், அங்கே 0.9 மில்லிமீட்டர் கனம் இருந்தால் நடுவே 0.6 மில்லிமீட்டர் போதும். 1935-ஆம் ஆண்டில் அவர்களே மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த 531 என்னும் குழாயை வெளியிட்டுப் பெரும் புகழ் அடைந்தனர். இன்று உலகெங்கும் பரவலாக வழங்குவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 என்னும் எஃகு. இதையே கடைக்காரர்கள் குரோமோலி என்கிறார்கள்.

இங்கே நேயர்கள் ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். எஃகு எந்தக் கலப்பானாலும் அதன் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. உயர்ந்த கலப்பில் கூடுவது பலமேயன்றி விறைப்பன்று. பலம் கூடுவதால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம், மெல்லியதாக்கினால் எடை குறையும், அவ்வளவுதான். அதே விட்டத்தில் சுவர் மெலிந்தால், விலை உயர்ந்த பிரேம் விலை குறைந்த பிரேமைவிட அதிகமாகத் துவளும். விறைப்பை வேண்டுவோர் பார்க்க வேண்டியது குழாயின் விட்டத்தை. சுவரின் கனம் மாறாதிருக்க, சாய்குழாயின் விட்டம் 28.6 மில்லிமீட்டரிலிருந்து 31.8 மில்லிமீட்டராக உயருமானால், விறைப்பு மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

எடையில் மிச்சமாவதுதான் எவ்வளவு? ஏறுபவர் 65 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மூட்டையும் தண்ணீரும் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆக, 100 கிலோ. பிரேமில் அரைக் கிலோ குறைப்பதற்காகப் பெரும் பணம் செலவிடுகிறவர், மொத்தத்தில் இருநூறில் ஒரு பங்கையே குறைக்கிறார். மூட்டையிலிருந்து வேண்டாத ஒரு வேஷ்டியையும் ஒரு புத்தகத்தையும் எடுத்துவிட்டால் அதே பலன் காசில்லாமல் கிட்டும்.

மற்றொரு விஷயமும் உண்டு. எஃகுப் பிரேமை எந்தக் கிராமத்திலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். இது பாதி உண்மை. வயல்வெளிக் கலப்பையையும் இரும்புக் கதவையும் பற்றவைத்துப் பழகிய கைக்கு, அரை மில்லிமீட்டர்ச் சுவர் எம்மாத்திரம்? தீப்பொறி பட்டவுடன் ஓட்டை விழும். சூட்டினால் பதப்படுத்தி வலுவேற்றிய குழாய்களோ அதிகச் சூடு கண்டால் அந்த வலுவை இழக்கும். 1970-களில் வந்த ரெயினால்ட்ஸ் 753 என்னும் குழாயைக் குறைந்த சூட்டில் வெள்ளி கலந்த பற்றாசு கொண்டே இணைக்க வேண்டியிருந்தது. எனவே, வழியில் பழுதுபார்க்கும் வசதியை நாடி எஃகை வாங்குகிறவர், மிக மெல்லிய குழாயை வாங்கினால் அவ்வசதியைத் தாமே விற்றுவிட்டவராவார். சற்றுக் கனமான சாதாரணக் குரோமோலிக் குழாயைப் பித்தளை வைத்துப் பற்றவைக்க, கேஸ் வெல்டிங் தெரிந்த நல்ல தொழிலாளி ஒருவர் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடன் நாம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சைக்கிளில் இறங்கினோம். நண்பருடையது பந்தயத்துக்காகச் செய்த மெல்லிய எஃகுப் பிரேம். மூட்டை முழுவதையும் பின் கேரியரில் கட்டியிருந்தார். சரிவில் வேகம் கூடியதும் அவருடைய ஹேண்டில்பார் இருபுறமும் நடுங்க ஆரம்பித்தது. நொடிக்கு நொடி நடுக்கம் வலுத்தது. அவர் பதறாமல் இரு முழங்கால்களாலும் மேல்குழாயை இறுக அணைத்து, மெல்ல மெல்லப் பிரேக்கை அழுத்தி, வளைவுக்குச் சில கஜ தூரத்தில் நின்றார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. அந்தப் பிரேமில் யாதொரு குறையும் இல்லை. அது செய்யப்பட்ட வேலை வேறு, அதன் தலையில் நாம் சுமத்திய வேலை வேறு.

ஆகவே, சீட்டை விட்டுப் பிரேமின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையேயுள்ள நீளம் பந்தயப் பிரேமில் சுமார் 410 மில்லிமீட்டர். யாத்திரைக்கு 440 முதல் 460 வரை இருப்பது நலம். அப்போதுதான் மிதிக்கையில் குதிகால் பையில் இடிக்காது. பாரமும் பின்சக்கரத்துக்குப் பின்னே தொங்காது. கேரியர் மாட்டும் கண்கள் பின்புறத்தில் மட்டுமின்றி முன்போர்க்கிலும் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். பாரத்தை முன்னும் பின்னும் பகிர்ந்தால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கும். மட்கார்டு போட்ட பிறகும் 40 மில்லிமீட்டர் டயர் தாராளமாகச் சுழல இடம் வேண்டும். பெடல் அச்சு அமரும் குழாயில் பழைய திருகுமரை உள்ளதாகவே வாங்குக. அழுத்திச் செருகும் புதுவகைக்கு வேண்டிய கருவி சிற்றூரில் கிடைப்பது அரிது. எந்த அளவு டயர் போகும் வழியில் கிடைக்குமோ, அந்த அளவுச் சக்கரத்துக்கு ஏற்ற பிரேமே சிறந்தது.

இவை யாவும் சரியாக இருந்து, அளவு பொருந்தாவிட்டால் பயனில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதுபோல் ஆளுக்குத் தகுந்த பிரேம் வேண்டும். மேல்குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கையில் இரண்டு மூன்று விரற்கடையாவது இடைவெளி இருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடிக்கையில் தோளும் கழுத்தும் நோகலாகாது. ஒரு நாள் நோவைப் பொறுக்கலாம். அறுபது நாள் நோவு யாத்திரையையே முடித்துவிடும். உயரம் குறைந்தவர்களும் பெண்களிற் பலரும் பெரிய பிரேமை வாங்கித் துன்புறுவதைக் கண்டிருக்கிறோம்.

பழைய பிரேமை வாங்குவோர்க்கு ஒரு நூலும் ஓர் அளவுகோலும் போதும். பின்சக்கரம் மாட்டும் ஒரு பிளவில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மற்றப் பிளவில் இறுக்கிக் கட்டுக. ஸீட் குழாயிலிருந்து இருபுறத்து நூலுக்கும் உள்ள தூரம் சமமாக இருந்தால் பிரேம் நேரானது. பின்பு தலைக்குழாயை ஒட்டி மேல்குழாய், சாய்குழாய் இவற்றின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்க்க. பெயிண்டில் சுருக்கமோ குழாயில் புடைப்போ தட்டுப்பட்டால், அது எங்கோ முட்டி வளைந்த பிரேம். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எஃகின் பகை துரு. யாத்திரைக்கு முன் குழாய்களுக்குள் எண்ணெய் விட்டு உருட்டி வடிப்பது, கடலோரச் சாலையிற் செல்பவர்க்கு இன்றியமையாதது.

பணம் குறைவாக உள்ளவர் மனந்தளர வேண்டியதில்லை. பால்காரரும் இளநீர் வியாபாரியும் சுமை ஏற்றிச் செல்லும் நம் சாதாரணச் சைக்கிளைப் பாருங்கள். மட்ட எஃகு, கனமான குழாய், ஓரிரண்டு அளவுகள் என்ற குறைகள் அதற்கு உண்டு. ஆயினும் நீண்ட உடலும், நன்கு சாய்ந்த முன்போர்க்கும், அகன்ற சக்கர இடைவெளியும் கொண்டு பாரத்தோடு ஆடாமல் செல்லும் வித்தையை அது தெரிந்து வைத்திருக்கிறது. 1949-ஆம் ஆண்டிலேயே சென்னையில் சைக்கிள் தொழிலுக்கென ஒரு கம்பெனி தோன்றியது. குழாய் செய்யவும் பற்றவைக்கவும் தேர்ந்த கைகள் நம்மிடம் உண்டு. அந்தச் சாதாரணச் சைக்கிளின் நிதானத்தையும் நல்ல குரோமோலிக் குழாயையும் ஒன்றுசேர்த்து, பல அளவுகளில், நடுத்தரக் குடும்பத்தார்க்கு எட்டும் விலையில் யாத்திரைப் பிரேம் செய்துதர நம் தொழிலதிபர்கள் முன்வருவார்களாக.

நம்மை வினவிய அன்பருக்கு நாம் கூறுவது இதுவே. மிக மெல்லியதையும் மிகப் பெயர் பெற்றதையும் விடுத்து, உமது உடலுக்குப் பொருந்தும், சுமைக்கு அசையாத, வழியில் ஒருவர் பழுதுபார்க்கக்கூடிய பிரேமை வாங்கும். வாங்குமுன் முழு மூட்டையையும் ஏற்றி ஒரு சரிவில் இறங்கிப் பாரும். அங்கே ஹேண்டில்பார் நடுங்காமல் நின்றால், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் கவலையில்லை. மிச்சப்படும் பணத்தை வழிச்செலவுக்கு வைத்துக்கொள்ளும். இன்னும் பத்து நாள் அதிகமாகத் தேசத்தைக் காணலாம்.