பழைய பைக்குக்கு எந்த ஆயில் ஊத்தணும்? 'கெட்டி ஆயில்' ஊத்தினா புகை நிற்குமா?

தாம்பரம்,

முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர் பகுதிகளில் இருந்து தினமும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் கம்பெனிகளுக்கு பைக்கில் வேலைக்கு போகிறவர்கள் ஏராளம். இவர்களில் பலர் ஓட்டுவது 10, 15 வருஷத்து பழைய 100 சி.சி. வண்டிதான். வண்டி படுத்துவிட்டால் அன்றைய கூலி போச்சு. என்ஜினை பிரித்தால் ஆயிரக்கணக்கில் செலவு.

இந்த செலவு வராமல் காப்பாற்றுவது என்ஜின் ஆயில். ஆனால் கடையில் போய் நின்றால் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று வரிசையாக டப்பா. எதை வாங்குவது என்று பலருக்கும் குழப்பம்.

நம்பருக்கு என்ன அர்த்தம்?

ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை சொல்வதுதான் இந்த நம்பர். அமெரிக்காவில் உள்ள எஸ்.ஏ.இ. என்ற என்ஜினீயர்கள் சங்கம் 1911-ம் ஆண்டு தொடங்கி வைத்த கணக்கு இது.

'டபிள்யூ' என்றால் வெயிட் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 'வின்டர்', அதாவது குளிர்காலம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது மாதிரி, குளிரில் என்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். அப்போது எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதை முதல் நம்பர் சொல்கிறது. நம்பர் குறைந்தால் சுலபமாக ஓடும். பின்னால் இருக்கும் 30, 40, 50 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கான நம்பர்.

20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரி குளிரில் வைத்து சோதிக்கிறார்கள். சென்னையில் இதுவரை பதிவான குறைந்தபட்ச வெப்பமே 13.9 டிகிரிதான். அதனால் குளிரை பற்றி நமக்கு பெரிய கவலை இல்லை. கவலை எல்லாம் வெயில்தான். 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னையில் 45 டிகிரி கொளுத்தியது. அப்படிப்பட்ட நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டையோ, இரும்புலியூரோ நெரிசலில் நின்றால் காற்று படாமல் என்ஜின் கொதிக்கும். காற்றை நம்பியே குளிரும் பைக் என்ஜினுக்கு அதுதான் சோதனை.

30-ஆ, 40-ஆ?

முதலில் வண்டியோடு வந்த புத்தகத்தை பார்க்க வேண்டும். அதில் போட்டிருக்கும் நம்பர்தான் முதல் சாய்ஸ். 10டபிள்யூ-30 போட்ட வண்டி நன்றாக தேய்ந்து, சூடானதும் 'கட கட' என்று சத்தம் கொடுத்தால், ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக குறைந்தால், புத்தகம் இடம் கொடுக்கும் பட்சத்தில் ஒரு படி ஏறி 20டபிள்யூ-40 ஊற்றி பார்க்கலாம். நம்ம ஊர் வெயிலுக்கு அது தாங்கும்.

ஆனால், "கெட்டியா ஊத்துப்பா, புகை நின்னுடும்" என்று 20டபிள்யூ-50-க்கு தாவுவது சரியல்ல. சின்ன என்ஜினில் கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மேலே ஹெட் வரைக்கும் போய் சேர நேரம் பிடிக்கும். அந்த சில வினாடியில்தான் தேய்மானம் அதிகம். மைலேஜும் குறையும்.

புகையை கவனியுங்கள்

சைலன்சரில் நீல புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், போர் தேய்ந்திருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்கலாம். கருப்பு புகை என்றால் ஆயில் காரணம் அல்ல, பெட்ரோல் கூடுதலாக எரிகிறது.

ரிங் போன வண்டிக்கு கெட்டி ஆயில் கொஞ்ச நாள் சமாளிப்புதான். தேய்ந்த ரிங் ஆயிலால் வளராது. அந்த நாட்களுக்குள் ரீபோர் செலவுக்கு பணம் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

கார் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. கியர் பைக்கில் கிளட்ச் பிளேட் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு இருக்கும். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வை குறைக்கும் மருந்து கலந்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். என்ஜின் அலறும், வண்டி இழுக்காது. பைக்குக்கு டப்பாவில் 'ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று இருக்க வேண்டும். 'எம்.பி.' என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது.

பழைய டூ ஸ்ட்ரோக் மொபட்டுக்கு கணக்கே வேறு. அதில் பெட்ரோலோடு சேர்ந்து எரிய வேண்டியது 2டி ஆயில். அதற்கு பதில் 4டி ஆயிலை கலந்தால் பிளக்கில் கரி பிடித்து வண்டி நின்றுவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி கொட்டிய மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டி மீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் இதே கதைதான்.

தண்ணீரில் மூழ்கிய வண்டியை உடனே கிக்கர் அடிக்க கூடாது. செல்ப்பும் போட கூடாது. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயிலை முழுசாக வடித்து, புது ஆயில் ஊற்றி கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில் ஊற்ற வேண்டும். டப்பா செலவு கூடினாலும் என்ஜின் மிஞ்சும்.

வாங்கும்போது உஷார்

* சீல் உடையாத டப்பாவை மட்டுமே வாங்குங்கள். லூஸ் ஆயில் வேண்டாம்.

* காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். இல்லாவிட்டால் அதிலேயே போலி ஆயில் நிரப்பி விற்க வாய்ப்பு உண்டு.

* வாரம் ஒரு முறை வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு அளவு பாருங்கள். பல 100 சி.சி. வண்டிகளில் டிப் ஸ்டிக்கை மறை திருகாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

* அளவுக்கு மேலேயும் ஊற்றாதீர்கள். சீல் வழியாக கசியும்.

* தேய்ந்த வண்டிக்கு 2 ஆயிரம், 3 ஆயிரம் கிலோ மீட்டருக்குள் ஆயில் மாற்றுவது நல்லது.

* வடித்த கருப்பு ஆயிலை சாக்கடையில் கொட்டாதீர்கள். மழை வந்தால் அது நேராக ஏரிக்குத்தான் போகும்.

விலை உயர்ந்த ஆயிலை வாங்கி ஒரு வருஷம் மாற்றாமல் ஓட்டுவதைவிட, சரியான நம்பர் உள்ள சாதாரண ஆயிலை கணக்காக மாற்றுவதே பழைய என்ஜினுக்கு ஆயுள் கொடுக்கும்.