பிலிப்பைன் புகைமீனும் நம் வீட்டு மாசியும்

வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சபர் சென்றுள்ள நம் பிள்ளைகள் பலர், பிலிப்பைன் நாட்டவரோடு ஒரே இடத்தில் பணியாற்றுகின்றனர். உணவு வேளையில் அவர்கள் தோலை உரித்து உண்ணும் பொன்னிற மீனைக் கண்டு வியப்போரும் உண்டு. அதன் வாடைக்கு முகம் சுளிப்போரும் உண்டு. 'தினப்பா' என்னும் அந்தப் புகைமீன், அந்நாட்டு எளிய குடும்பங்களின் அன்றாட உணவாகும். நமக்கும் அது முற்றிலும் அந்நியமானதன்று. அதற்கு நெருங்கிய உறவான பண்டம் ஒன்று நம் சமையலறையிலேயே உண்டு. அதுவே மாசி.

இருவகைப் பக்குவம்

சாளை, பால்மீன் போன்றவற்றை உப்புநீரில் ஊறவைத்து, சிறிது வேகவைத்து, ஈரம் போக உலர்த்தி, மரத்தூள் புகையில் வாட்டினால் தினப்பா. மணிலாவை அடுத்த கவிட்டே மாநிலத்து ரோசாரியோ இதற்குப் பேர்பெற்ற ஊர். முதல்நாள் மிஞ்சிய சோற்றைப் பூண்டுடன் வதக்கி, தக்காளியும் உப்பிட்ட முட்டையும் சேர்த்து, மீனை வினிகரில் தொட்டு உண்பர்.

மாசிக்கு உரியது சூரை மீன். அதைத் துண்டாக்கி உப்புநீரில் வேகவைத்து, புகையூட்டி, பின்னர்ப் பல நாட்கள் வெயிலில் காயவைப்பர். முடிவில் அது மரக்கட்டைபோல் இறுகிவிடும். மாலத்தீவும், இலட்சத்தீவுகளைச் சேர்ந்த மினிக்காயும் இதற்குப் புகழ்பெற்றவை. இலங்கையிலும் காயல்பட்டினத்திலும் மாசியின் மணம் அறியாத வீடு அரிது.

1343ஆம் ஆண்டு மாலத்தீவை அடைந்து, அங்குக் காழியாகவும் பணியாற்றிய பயணி இப்னு பதூதா, மீனை நான்காக அரிந்து, சற்றே வேகவைத்து, ஓலைக்கூடைகளில் இட்டுப் புகையூட்டுவதைப் பதிவு செய்துள்ளார். அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் ஏற்றுமதியானதையும் குறிப்பிடுகிறார். பின்னர் அவர் இலங்கை வழியாக, மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தார்.

கடலில்லா ஊருக்கு

விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடைப்பட்ட மங்கலம்பேட்டை போன்ற ஊர்களுக்குக் கடலூர், பரங்கிப்பேட்டைக் கரைகளே அண்மைக் கடல். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், அக்காலத்தில் கடல்மீன் அருகி விலையும் ஏறுகிறது. அந்நாட்களில் சிக்கனமறிந்த இல்லத்தரசிக்கு மாசி கைகொடுக்கும். ஒரு சிறு துண்டே முழுக் குடும்பத்தின் சோற்றுக்கும் சுவையூட்டப் போதுமானது.

மாசியை இடித்துத் தூளாக்குங்கள். வறுத்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்த் துருவல் ஆகியவற்றுடன் சேர்த்து இடித்து, எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். பழைய சோற்றுக்கும் இடியாப்பத்திற்கும் ஏற்ற சம்பல் ஆயத்தம். மாசியிலேயே உப்பு இருப்பதால், சுவை பார்த்த பின்னரே உப்பிடுக.

கவனம் தேவை

சபரிலிருந்து திரும்பும் பிள்ளைகள் புகைமீன் வாங்கி வந்தால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். மாசி நன்கு காய்ந்தது. ஈரம் படாமல் வைத்தால் பல மாதங்கள் இருக்கும். தினப்பாவோ ஈரப்பதம் உள்ளது. குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் உண்டுவிட வேண்டும். கருவாடுதானே என்று வெளியில் வைத்துவிடலாகாது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்கள் வெப்பத்தில் கெட்டால் உண்டாகும் ஹிஸ்டமின் என்னும் நச்சு, மீண்டும் சமைத்தாலும் நீங்காது. முகம் சிவத்தல், தலைவலி, உடல் அரிப்பு ஆகியன அதன் அடையாளங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருவகை மீனையும் அளவோடு உண்பதே நலம்.

மீன் நமக்கு ஹலாலான உணவு. அதற்கு அறுப்பும் தேவையில்லை. அதை உப்பிட்டு உண்பதும் புகையூட்டி உண்பதும் அந்தந்த ஊர் வழக்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை என்பதை நாம் அறிவோம். அடுத்த கட்டிலில் உறங்கும் பிலிப்பைன் தோழரின் தட்டைக் கண்டு முகம் சுளிக்காதிருக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். கருவாட்டையும் மாசியையும் ஏழையின் உணவென்று இகழும் பழக்கத்தையும் நம் வீடுகளிலிருந்து அகற்றுவோம்.