ஊரடங்குக் காலத்தில் உயர்ந்த மின் கட்டணம்: ஒழுங்குமுறை ஆணையங்கள் செய்தது என்ன, செய்ய இயலாதது என்ன?

பாலக்காடு: கோவையிலிருந்து வாளையாறு சோதனைச் சாவடியைக் கடந்தால் சிறிது தொலைவில் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை வருகிறது. அங்குள்ள ஐநாக்ஸ் நிறுவனத்தின் திரவ ஆக்சிஜன் ஆலை நாளொன்றுக்கு 149 டன் உற்பத்தித் திறன் கொண்டது. 2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது கேரள மருத்துவமனைகளுக்கு மட்டுமன்றி, தமிழகத்துக்கும் இங்கிருந்து டேங்கர் லாரிகள் சென்றன. காற்றைக் கடுங்குளிருக்கு உட்படுத்தி ஆக்சிஜனைப் பிரிக்கும் இத்தொழிலுக்கு மூலப்பொருள் இலவசம், செலவெல்லாம் மின்சாரத்துக்குத்தான். சில நிமிடங்கள் மின்தடை ஏற்பட்டாலும், மருத்துவத் தரத்திலான ஆக்சிஜன் மீண்டும் கிடைக்கப் பல மணி நேரம் ஆகும்.

இதே மாவட்டத்தில் அதற்கு ஓராண்டு முன்பு, அதாவது 2020 ஜூன் மாதத்தில், வேறொரு மின்சாரப் பிரச்சினை வெடித்திருந்தது. வேலையின்றி வீட்டில் முடங்கிய குடும்பங்களுக்கு வழக்கத்தைவிட மிக அதிகமான மின் கட்டணப் பட்டியல் வந்து சேர்ந்தது. மருத்துவமனைக்கும் ஆலைக்கும் மின்சாரம் தடையின்றிச் செல்ல வேண்டும். வருமானம் இழந்தவரின் இணைப்பைத் துண்டிக்கவும் கூடாது. மின்வாரியம் நொடித்துப் போகாமல் இந்த இரண்டையும் நிறைவேற்றுவது எப்படி என்பதே அந்நாளில் ஒழுங்குமுறை ஆணையங்கள் முன் நின்ற கேள்வி.

வாரியத்தின் வருவாய் சரிந்தது ஏன்?

2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்ததும் ஆலைகளும் கடைகளும் மூடப்பட்டன. வீடுகளில் மின் பயன்பாடு கூடியது. மொத்தத்தில் மின்சாரம் விற்கத்தானே செய்கிறது என்று தோன்றலாம். ஆனால் வீட்டு நுகர்வோரில் பெரும்பாலோர் வழங்கல் செலவைவிடக் குறைந்த விலை கொடுப்பவர்கள். அந்தக் குறையை ஈடுகட்டுவது தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் கூடுதலாகச் செலுத்தும் கட்டணம். கூடுதல் விலை கொடுப்பவர் மறைந்து, சலுகை விலையில் வாங்குபவர் அதிகம் பயன்படுத்தினால், விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிடைக்கும் சராசரி வருவாய் குறையும்.

கேரளத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. இடுக்கி மாவட்டத்தின் மூலமற்றம் நிலையம் 780 மெகாவாட் திறன் கொண்டது என்றாலும், மாநிலத் தேவையின் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்கப்படுகிறது. நீண்டகால ஒப்பந்தங்களின்படி, மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையான கட்டணத்தை வாரியம் செலுத்தியாக வேண்டும்.

இந்நிலையில் மத்திய மின் அமைச்சகம் மார்ச் மாத இறுதியில் மின்சாரச் சட்டம் 2003-இன் 107-ஆவது பிரிவின் கீழ் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. அதையடுத்து ஏப்ரல் 3-ஆம் தேதி ஆணையம் பிறப்பித்த உத்தரவில், மார்ச் 24 முதல் ஜூன் 30 வரையிலான காலத்தில் 45 நாள் கெடுவைத் தாண்டும் பட்டியல்களுக்குத் தாமதக் கட்டணம் மாதம் 1.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 100 கோடி ரூபாய் ஒரு மாதம் தாமதமானால் ஒன்றரைக் கோடிக்குப் பதில் ஒரு கோடி. தாமதக் கட்டணத்தை முற்றிலும் ரத்து செய்யாததற்குக் காரணம் உண்டு: உற்பத்தி நிறுவனங்களும் நிலக்கரிக்கும் கடனுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. பின்னர் மே மாதம் 90,000 கோடி ரூபாய் கடன் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. இதுவும் மானியமன்று, கடன்.

பட்டியல் பெரிதான கதை

கேரளத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுக்கப்படுகிறது. ஊரடங்கில் கணக்கெடுப்பாளர்கள் வர இயலாததால், முந்தைய மூன்று பட்டியல்களின் சராசரி அடிப்படையில் தற்காலிகத் தொகை விதிக்கப்பட்டது. கோடை வெயிலில், எல்லோரும் வீட்டிலிருந்த நாட்களின் உண்மையான பயன்பாடு அதைவிட அதிகம். தளர்வுக்குப் பின் அளவீடு எடுக்கப்பட்டபோது வித்தியாசம் முழுவதும் ஒரே பட்டியலில் வந்து விழுந்தது.

படிநிலைக் கட்டணம் அதை மேலும் பெரிதாக்கியது. அப்போது நடைமுறையிலிருந்த 2019 கட்டண விகிதப்படி மாதத்தின் முதல் 50 யூனிட்டுக்கு 3.15 ரூபாய், அடுத்த 50-க்கு 3.70, அதற்கடுத்த 50-க்கு 4.80, அதன்பின் வரும் 50-க்கு 6.40 ரூபாய். மாதம் 120 யூனிட் பயன்படுத்திய குடும்பம் இரண்டு மாதங்களுக்கு ஆற்றல் கட்டணமாக 877 ரூபாய் செலுத்தியிருக்கும். அதுவே மாதம் 180 யூனிட்டானால் தொகை 1,549 ரூபாய். பயன்பாடு 50 சதவீதம் கூட, கட்டணம் ஏறத்தாழ 77 சதவீதம் கூடுகிறது. நிலைக் கட்டணம், வரி, அரசு மானியம் ஆகியவற்றை இக்கணக்கில் சேர்க்கவில்லை. கணக்கெடுப்பு தாமதமானதால் தாங்கள் உயர்படிக்குத் தள்ளப்பட்டதாகப் பலர் புகார் கூறினர். நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப விகிதப்படுத்தியே படி நிர்ணயிக்கப்பட்டது என்று வாரியம் விளக்கியது. கணக்கு சரியாகவே இருந்தாலும், மூன்று மாதம் கூலி பார்க்காத வீட்டுக்கு அது ஆறுதலாகாது.

ஜூன் 18-ஆம் தேதி முதல்வர் பினராயி விஜயன் சலுகைகளை அறிவித்தார். 500 வாட்டுக்குட்பட்ட இணைப்புச் சுமையுடன் மாதம் 40 யூனிட் வரை பயன்படுத்தி இலவச மின்சாரம் பெறுவோருக்கு, அக்காலத்தில் பயன்பாடு கூடியிருந்தாலும் முழுவதும் இலவசம். 50 யூனிட் வரையிலானோருக்குக் கூடுதல் தொகையில் பாதி, 100 வரை 30 சதவீதம், 150 வரை 25 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் மானியம். மீதியை ஐந்து தவணைகளில் செலுத்தலாம். ஏறத்தாழ 90 லட்சம் நுகர்வோர் பயன்பெறுவர் என்றும், வாரியத்துக்கு 200 கோடி ரூபாய் கூடுதல் சுமை என்றும் கூறப்பட்டது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் கூடுதல் தொகையான 672 ரூபாயில் 25 சதவீதம் என்பது 168 ரூபாய். சிறு தொகைதான், தவணை வசதியே பெரும்பாலான குடும்பங்களுக்கு உண்மையான உதவி எனலாம். தொழில், வணிக நுகர்வோருக்கு நிலைக் கட்டணத்தில் 25 சதவீதம் தள்ளுபடியும், மீதித் தொகைக்குக் கால அவகாசமும் அளிக்கப்பட்டன.

எல்லைக்கு இப்பாலும் நிலைமை வேறன்று. தமிழகத்தில் கணக்கெடுக்க இயலாத வீடுகளுக்கு முந்தைய பட்டியல் தொகையே விதிக்கப்பட்டு, பின்னர் நான்கு மாதப் பயன்பாட்டை இரண்டாகப் பிரித்து, செலுத்திய பணம் கழிக்கப்பட்டது. பணத்தைக் கழிக்காமல் யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்ற வாதத்துடன் தொடரப்பட்ட வழக்கை 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குமுளியில் ஒருவித விதி, மலையிறங்கிக் கூடலூர் வந்தால் இன்னொரு விதி.

மூணாறின் சிறிய விநியோக நிறுவனம்

இடுக்கியில் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த மூணாறு பகுதியில் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனமே மின் விநியோக உரிமம் பெற்றுள்ளது. வாரியத்திடம் மொத்தமாக வாங்கி, மாநிலம் முழுவதற்குமான அதே சில்லறைக் கட்டணத்தில் விற்கிறது. இத்தகைய சிறு உரிமதாரர் நுகர்வோரிடம் அவகாசம் கொடுத்தால், தான் வாங்கிய மின்சாரத்துக்கான தொகையை எங்கிருந்து கட்டுவது? பெரிய வாரியத்துக்கு வங்கிக் கடன் உண்டு. சிறியவருக்கு அந்த வசதி குறைவு. ஆணையம் மொத்த விலையையும் சில்லறை விலையையும் ஒருசேர நிர்ணயிப்பதன் தேவை இங்குதான் புலப்படுகிறது.

இறுதியில் செலுத்துவது யார்?

சட்டத்தின் 61-ஆவது பிரிவு நுகர்வோர் நலனைக் காக்கவும், அதே வேளையில் மின்சாரச் செலவு நியாயமாகத் திரும்பக் கிடைக்கவும் ஆணையத்தைப் பணிக்கிறது. மானியம் தர விரும்பும் மாநில அரசு அத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது 65-ஆவது பிரிவு. அரசு செலுத்தாத பகுதி வாரியத்தின் இழப்பாகப் பதிவாகும். ஆண்டு முடிந்தபின் உண்மையான வரவு செலவை ஆணையம் சரிபார்க்கும்போது, அதில் ஏற்கத்தக்கது எதிர்காலக் கட்டணத்தில் சேரக்கூடும். ஒத்திவைக்கப்பட்ட கட்டணம் மறைந்துவிடுவதில்லை.

பிரிட்டனிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், 2020 ஜூனில் விநியோக நிறுவனங்கள் கம்பிவடக் கட்டணத்தில் 35 கோடி பவுண்டு வரை தள்ளிச் செலுத்த அனுமதித்தது.

இந்தியாவில் 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், அந்த ஆண்டின் குழப்பத்துக்குச் சில விடைகளைத் தருகின்றன. அசாதாரணச் சூழல் தவிர, ஒரு நிதியாண்டில் இரண்டு முறைக்கு மேல் தற்காலிகப் பட்டியல் தரக்கூடாது. தொடர்ந்து இருமுறை மீட்டரை அணுக முடியாவிட்டால், நுகர்வோரே அளவீட்டைப் படமெடுத்துப் பதிவு செய்த கைபேசி எண்ணிலிருந்தோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். பட்டியலில் பிழை இருப்பதாகக் கருதும் கேரள நுகர்வோர் முதலில் வாரியத்தின் பிரிவு அலுவலகத்தையும், அடுத்து நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும் அணுகலாம். அங்கும் தீர்வு கிட்டாவிட்டால் கொச்சியிலுள்ள மின்சாரக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை.