காற்று பட்டால் பற்றிக்கொள்ளும் சிலிக்கான்: தெரியுமா?

மணலில் கோடிக்கணக்கான வருடங்களாக அசையாமல் கிடக்கும் அதே சிலிக்கான், ஹைட்ரஜனோடு சேர்ந்து சிலேன் வாயுவாகிவிட்டால் காற்று பட்டதுமே தானாகத் தீப்பிடிக்கும். தெரியுமா? தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம்! சிப் தொழிற்சாலைகளில் சிலிக்கான் படலம் பூசுவது இந்த முன்கோபக்கார வாயுவை வைத்துத்தான்.

தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர்கீழே சிலிக்கான். ஆனால் கார்பனுக்குச் சர்வசாதாரணமான இரட்டைப் பிணைப்பு சிலிக்கானுக்கு வாய்க்கவே வாய்க்காது என்று வேதியியலர்கள் பல்லாண்டுகள் நம்பினார்கள், தெரியுமா? சிலிக்கான் அணு பெரியது. அதனால் இரண்டாவது பிணைப்பு வலுவில்லாமல் போகிறது. அப்படியொரு மூலக்கூறு உருவானாலும் பக்கத்து மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு உருமாறிவிடும்.

அந்த நம்பிக்கை 1981-இல் தவிடுபொடியானது! அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வெஸ்ட் குழுவினர், மூன்று சிலிக்கான் அணுக்கள் வரிசையாய் உள்ள ஒரு சேர்மத்தின் மீது புறஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். நடு சிலிக்கான் தனியே கழன்று வந்தது. அப்படிக் கழன்ற துண்டுகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தன. கிடைத்தது சிலிக்கான் இரட்டைப் பிணைப்பு! அது எப்படிப் பிழைத்தது? ஒவ்வொரு சிலிக்கானிலும் மெசிட்டில் என்ற பருமனான தொகுதிகள் இரண்டு. கல்யாணக் கூட்டத்தில் மணமக்களைச் சுற்றி வளைத்து நிற்கும் உறவினர்கள் மாதிரி, அவை வேறு எந்த மூலக்கூறையும் கிட்டே அண்ட விடவில்லை. காற்றுப் புகாமல் வைத்தால் அறை வெப்பநிலையிலும் கெடாது.

இரண்டு சிலிக்கான்களுக்கு இடையே முப்பிணைப்பு? அதுவும் வந்துவிட்டது! 2004-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் அகிரா செகிகுச்சி குழு அதைப் பிரித்தெடுத்தது. மரகதப் பச்சைப் படிகங்கள்! கார்பனின் அசிட்டிலீன் நேர்கோடாக இருக்கும். இதுவோ சுமார் 137 டிகிரியில் வளைந்து நிற்கிறது.

தோல்வியிலிருந்து ஒரு தொழிலே பிறந்த கதை தெரியுமா? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் கிப்பிங், சிலிக்கானும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் நிற்கும் மூலக்கூறைத் தேடினார். கையில் வந்ததெல்லாம் பிசுபிசுப்பான பசை. இந்தத் துறைக்குப் பெரிய எதிர்காலம் இல்லை என்றே அவர் நினைத்தார். அந்தப் பசையின் வம்சம்தான் இன்றைய சிலிக்கோன் ரப்பரும் சீலன்ட்டும்! அவர் தேடிய இரட்டைப் பிணைப்பை, வேறு எதன் முட்டும் இல்லாமல் தனித்து நிற்கும்படி ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தினர் 2019-இல் செய்து காட்டினார்கள். நூறாண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பு!

சிலிக்கானை இங்க் மாதிரி அச்சடிக்கலாம் என்பது தெரியுமா? ஐந்து சிலிக்கான் அணுக்கள் வளையமாக அமைந்த சைக்ளோபென்டாசிலேன் ஒரு திரவம். 2006-இல் ஜப்பானின் சீகோ எப்சன் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் ஆக்சிஜன் இல்லாத பெட்டிக்குள் அதன் மீது புறஊதா ஒளியைக் காட்டி, நீண்ட சங்கிலிகளாக்கி, கரைப்பானில் கரைத்து இங்க்காக்கினார்கள். பூசிச் சுட்டதும் ஹைட்ரஜன் வெளியேறிச் சிலிக்கான் படலம் மிஞ்சியது. அதிலிருந்து டிரான்சிஸ்டரே செய்துவிட்டார்கள்!

ஆகவே, நிலையற்ற சேர்மம் என்றால் உபயோகமற்றது என்று எண்ணிவிடாதீர்கள். சட்டென்று வினைபுரியும் அந்தச் சுபாவம்தான் புதிய பொருள்களைக் கட்ட அதைத் தோதான செங்கல்லாக்குகிறது.