காற்று மெத்தையும் மொட்டை டயரும்

1985 மார்ச் 30 அன்று பிரான்ஸிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்த ஹோவர்கிராஃப்ட் ஒன்று, இங்கிலாந்தின் டோவர் துறைமுக வாசலில் பலத்த காற்றில் சிக்கியது. காற்று அதை அப்படியே தள்ளிக்கொண்டு போய் அலைதடுப்புச் சுவரில் மோதவிட்டது. வண்டியின் ஒரு பக்கம் கிழிந்து, நான்கு பேர் உயிரிழந்தார்கள். காற்று மெத்தைமேல் உராய்வே இல்லாமல் மிதக்கும் அதிசயம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்த வாகனம்தான் இது.

அது அதிசயம்தான், அதில் சந்தேகமில்லை. 1950களில் ஒரு பிரிட்டிஷ் பொறியாளர் சின்ன டப்பாவைப் பெரிய டப்பாவுக்குள் கவிழ்த்து, இரண்டுக்கும் நடுவே உள்ள வளைய இடுக்கு வழியாகக் காற்றைச் செலுத்தினார். ஒரே குழாய் வழியாக அடிக்கிற காற்றைவிட, வளையமாக இறங்கும் காற்று சமையலறைத் தராசை அதிகமாக அழுத்தியது. வளையக் காற்றே சுவராக நின்று உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொண்டதுதான் காரணம். 1959 ஜூலை 25 அன்று எஸ்.ஆர்.என்.1 என்ற முதல் வண்டி கலேயிலிருந்து டோவருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. பின்னாளில் அடியைச் சுற்றி ரப்பர் பாவாடை கட்டிய பிறகு அலைகளையும் தாண்ட முடிந்தது. 1995இல் அதே கால்வாயை எஸ்.ஆர்.என்.4 ரக வண்டி 22 நிமிடத்தில் கடந்தது.

இதன் பின்னே இருக்கும் கணக்கு எளிது. எடையை அடிப்பரப்பால் வகுத்தால், அடியில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது வந்துவிடும். அந்த எஸ்.ஆர்.என்.4 ரகத்தில் பெரியது 56 மீட்டர் நீளம், சுமார் 300 டன் எடை. கார்களையும் 400 பயணிகளையும் ஏற்றிக்கொண்டு அதை மேலே தூக்க, வளிமண்டல அழுத்தத்தைவிட இரண்டு மூன்று சதவீதம் கூடுதல் அழுத்தம் போதுமானதாக இருந்தது. நாம் நிற்கும்போது நம் பாதம் தரையை அழுத்துவது இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆள் இறங்கினால் முழங்கால் வரை புதையும் சேற்றில் ஹோவர்கிராஃப்ட் சுலபமாகப் போவது இதனால்தான். பாக் நீரிணையின் ஆழமில்லாத கடலில் ரோந்து போக மண்டபத்தில் இதை வைத்திருப்பதற்கும் காரணம் அதுவே.

சிக்கல் நிறுத்துவதிலும் திருப்புவதிலும் இருக்கிறது. பின்னால் உள்ள சுக்கானைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பிவிடும்; உடம்பு மட்டும் பழைய திசையிலேயே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். பழகிய ஓட்டுநர் வளைவு வருவதற்கு வெகு முன்பே மூக்கைத் திருப்பிவைத்துக்கொள்வார். நிறுத்த வேண்டுமானால் விசிறியின் காற்றைத் திசைமாற்ற வேண்டும். அவசரமென்றால் தூக்கும் காற்றையே குறைத்து வண்டியைக் கீழே உட்காரவைக்க வேண்டும். அப்போதுதான் உராய்வு திரும்ப வரும், வண்டியும் நிற்கும்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். பழைய சி.டி.யின் நடு ஓட்டைமேல் துளைபோட்ட பாட்டில் மூடியை ஒட்டி, ஊதிய பலூனை அதில் மாட்டி டைல்ஸ் தரையில் விடுங்கள். லேசாகத் தட்டினால் அறையின் மறுகோடிவரை போகும். தட்டாமல் விட்டாலும் நகரும். மட்டம் என்று நாம் நம்பிய தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். பலூன் காற்று தீர்ந்ததும் சட்டென்று நின்றுபோகும்.

உராய்வு எரிபொருளைத் தின்கிறது, எஞ்சினைத் தேய்க்கிறது என்பார்கள். சரிதான், பேரிங்குக்குள் அது குறையட்டும். ஆனால் ரோட்டில் போகிற வண்டியை வளைவில் திருப்புவதும் பிரேக் போட்டால் நிறுத்துவதும் டயருக்கும் தாருக்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவு. பிரேக், ஸ்டியரிங் என்று நாம் காசு கொடுத்து வாங்குகிற எல்லாமே கடைசியில் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் இருக்கின்றன.

மழை வந்தால் அங்கேயும் ஒரு மெத்தை உருவாகிறது. ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, டயரின் அகலம் 17 சென்டிமீட்டர், வேகம் 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு டயர் நொடிக்கு ஏறத்தாழ 11 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித்தள்ள வேண்டும். அதற்காகத்தான் டயரில் கோடுகள் இருக்கின்றன. கோடு தேய்ந்துபோனால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. டயருக்கு முன்னால் குவிந்து, அதன் அழுத்தம் டயரின் காற்றழுத்தத்துக்கு ஈடாகும்போது வண்டியையே தூக்கிவிடும். ஹோவர்கிராஃப்ட்டைக் காற்று தூக்குகிற அதே கணக்குதான், இங்கே தூக்குவது தண்ணீர். விமான டயர்களைச் சோதித்துக் கண்ட சூத்திரப்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்கு 94 கிலோமீட்டர் அளவில் மிதக்கத் தொடங்கும். 20 பி.எஸ்.ஐ. என்றால் 75 போதும். காற்று குறைந்த டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும் என்று நம்பி, மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வண்டி மிதக்கும் வரைகூடப் போக வேண்டாம். காய்ந்த ரோட்டில் உராய்வு எண் 0.7 என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்த வண்டி 36 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் அந்த எண் 0.4 ஆனால் 63 மீட்டர். இடையில் உள்ள 27 மீட்டரில் ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கலாம். இந்தக் கணக்கை நம் பிள்ளைகள் ப்ளஸ் ஒன் பரீட்சையில் பிழையில்லாமல் போட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற ஷேர் ஆட்டோவின், வேனின் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

பார்ப்பதற்கு நிபுணர் தேவையில்லை. கார் டயரின் கோடுகளுக்குள்ளே குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். மேல்ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், கோட்டின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த டயரை ஓட்டக் கூடாது. செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதிதாகக் கோடு கிழித்து, கறுப்பு பாலிஷ் போட்டு அடுக்கிவைத்திருப்பார்கள். அந்தக் கோடு இருக்கிற கொஞ்சநஞ்ச ரப்பரையும் வெட்டியெடுத்து வந்தது. விரலை விட்டுப் பார்த்தால் அந்த மேடுகள் வெட்டுப்பட்டிருக்கும், இல்லையென்றால் அடியில் நூல் தட்டுப்படும்.