சைன் அலையால் ஒரு மிருதங்கம்

உங்கள் பள்ளி ஆய்வுக்கூட அலமாரியில் இசைக்கவைகள் இருக்கும். 256 என்று பொறித்த கவையை ரப்பர் கட்டையில் மெல்லத் தட்டிக் காதருகே பிடியுங்கள். தட்டியவுடன் சிறிது கணகணப்பு. அது அடங்கிய பின் எஞ்சுவது வழுவழுப்பான ஒரே சுரம். அதைப் படமாக வரைந்தால், கணிதத்தில் நீங்கள் பார்த்த சைன் வளைகோடு கிடைக்கும். இதற்கு நேர் எதிரானது ஒகேனக்கல் அருவியின் இரைச்சல். அதில் எண்ணற்ற அதிர்வெண்கள் ஒரே சமயத்தில் கலந்து ஒலிப்பதால், எந்தச் சுரமும் தனித்துக் கேட்பதில்லை. நாம் இசை என்று கேட்பவை பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை.

ஒரே ஸட்ஜத்தை வீணையும் நாகசுரமும் எழுப்பினாலும் நமக்கு வேறுபாடு தெரிகிறதே, எப்படி? 256 ஹெர்ட்ஸ் அடிப்படைச் சுரத்தோடு 512, 768, 1024 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. இவை மேற்சுரங்கள். எந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒலியின் தன்மை மாறுகிறது. சீராகத் திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் சைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டினார். பிரிக்க முடியுமானால் சேர்க்கவும் முடியும் அல்லவா? சைன் அலைகளை மட்டும் கொண்டு ஓர் இசையையே கட்டிவிடலாமே!

ஜெர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹௌசன் என்ற இளைஞர் அதைத்தான் செய்தார். அவரிடம் இசைக்கருவி எதுவும் இல்லை. பொறியாளர்கள் கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த சைன் அலையியற்றியும் ஒலிநாடாவும் கத்திரியுமே அவர் கைமுதல். 1953இல் முதல் படைப்பும், 1954இல் இரண்டாவதும் உருவாயின. நாடா நொடிக்கு 76.2 சென்டிமீட்டர் ஓடியது. பத்தில் ஒரு நொடிச் சுரம் வேண்டுமென்றால் சுமார் ஏழரை சென்டிமீட்டர் நாடாவை அளந்து வெட்டி ஒட்டவேண்டும். மூன்று நிமிட இசைக்கு எத்தனை ஒட்டுகள் என்று நினைத்துப் பாருங்கள்!

இரண்டாவது படைப்பின் சுர வரிசை வேடிக்கையானது. ஆர்மோனியத்தில் கீழ் ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் உள்ள விகிதம் 1:2. அந்த இடைவெளி 12 படிகளாகப் பிரிந்திருக்கிறது. ஷ்டாக்ஹௌசன் 1:5 என்ற விகிதத்தை எடுத்து 25 சம படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் ஏறத்தாழ 1.0665 மடங்கு. 100 ஹெர்ட்ஸில் தொடங்கி இப்படி 81 சுரங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்த ஏணியில் எந்தப் படியிலிருந்து ஏறினாலும் சரியாக இரு மடங்கு வரும் படியே கிடையாது. அதாவது, மேல் ஸட்ஜம் இல்லாத இசை! ஐந்தைந்து சைன் சுரங்களைச் சேர்த்து, எதிரொலி அறையில் ஒலிக்கவிட்டு, அந்த எதிரொலியையே அவர் பதிவு செய்துகொண்டார்.

கேட்பவர்க்கு அது கண்ணாடிக் கிண்ணங்கள் உருள்வதுபோல இருக்கும். எனக்கு அது குளிர்ந்த ஒலியாகவே படுகிறது. அவரும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1955-56இல் செய்த அடுத்த படைப்பில் ஒரு சிறுவனின் குரலையும் சேர்த்துக்கொண்டார்.

நம் நாட்டில் மின்னணு இசைக்கு இடம் தந்தது அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம். 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அங்கே மூக் சின்தசைசர் ஒன்றை நிறுவ உதவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா முதலியோர் அதில் இசை அமைத்தனர். சைன் அலையோடு வேறு வடிவ அலைகளையும் தரும் கருவி அது. அந்த நாடாக்கள் நெடுங்காலம் காப்பகத்தில் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

நாம் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு வழிகாட்டி நம் சர் சி. வி. ராமன். சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்ற விகிதத்தில் அமையும். இவை ஒன்றுக்கொன்று மடங்கு அல்ல. ஆகவே 'தொம்' என்ற சத்தம் கேட்குமே தவிர, திட்டமான சுரம் கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலை அப்படியல்ல. நடுவில் அப்பிய கரணை தோலின் எடையை மையத்தில் கூட்டி, அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளுக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறது. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினர். மிருதங்கத்தை ஸ்ருதி சேர்க்க முடிவதன் இரகசியம் இதுவே.

இன்று கத்திரியும் நாடாவும் தேவையில்லை. பள்ளிக் கணினியில் சைன் அலைகளைத் தரும் இலவச ஒலி மென்பொருள் போதும். முதலில் 100, 159, 214, 230, 265 ஹெர்ட்ஸ் அலைகள் ஐந்தையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். பிறகு 100, 200, 300, 400, 500. இரண்டும் மின்விசிறி முனகுவதுபோல உயிரற்றுக் கேட்கும். ஏனெனில் உண்மையான கொட்டில் ஒலி சட்டென எழுந்து தேய்கிறது. அதிலும் உயர்ந்த மேற்சுரங்கள் பெரும்பாலும் முந்தி அடங்குகின்றன. எனவே 100 ஹெர்ட்ஸ் அலை ஒரு நொடியில் தேயுமாறும், 500 ஹெர்ட்ஸ் அலை கால் நொடியிலேயே தேயுமாறும், மற்றவை இடைப்பட்ட நேரத்தில் தேயுமாறும் அமையுங்கள். முதல் கூட்டத்துக்கும் இவ்வாறே செய்யுங்கள். இப்போது ஒன்று வெறுந்தோல் கொட்டுபோலவும், மற்றொன்று ஸ்ருதி சேர்ந்த வலந்தலைபோலவும் பிரிந்து கேட்கும். கணினியின் சிறிய ஒலிபெருக்கி 100 ஹெர்ட்ஸைச் சரிவரத் தராது. காதில் மாட்டும் ஹெட்ஃபோனைப் பயன்படுத்துவது நல்லது. அது கிடைக்காவிட்டால் எல்லா எண்களையும் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.